அமைச்சரின் முன்னறையும் என் கையில் இருந்த தட்டும்

“எழுதுதது நீயாக்கும். பேரு ஒனக்கா வரப் போவுது?”

அத்தை இதைக் கேட்டபோது பீடி இலை வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தக்கூட இல்லை. அப்பாவின் அக்கா அவள். முக்கூடலில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர் என்பதால் எங்கள் வீட்டில் நடக்கும் எதுவும் அவளுக்குத் தெரியாமல் நடந்ததில்லை.

“அட்டையிலயே வரும் அத்தை. பாத்துக்கிடுங்க” என்றேன்.

“எனக்கு வாசிக்கத் தெரியாதுன்னு தைரியமாச் சொல்லுத.”

அம்மா சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் படிக்கப் போன முதல் ஆள் நான். அம்மாவும் அப்பாவும் அதற்குள் போனது ஓட்டுப் போடத்தான். நானோ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் ஆய்வு செய்கிறேன். அட்டையில் பெயர் வரும் என்று அத்தையிடம் மட்டுமா சொன்னேன்? பால் வாங்கும் இடத்தில் சொன்னேன், பஸ்ஸில் சொன்னேன், அம்மா பீடி கொடுக்கும் கடையில் போய் நின்று சொன்னேன். பிறகு நடந்ததை நினைத்தால் முதலில் முகம் சுடுவது அந்த வாயை நினைத்துத்தான்.

புத்தகம் எங்கள் மாநில நிதியமைச்சர் அலுவலகத்தின் வரலாறு. சென்னையில் ஓர் அறக்கட்டளை அதை எழுதித் தரும்படி என் ஆய்வு வழிகாட்டியான பேராசிரியரைக் கேட்டிருந்தது. அவருக்கு வகுப்பு உண்டு, கூட்டங்கள் உண்டு. ஒருநாள் துறைக்கு வெளியே, ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். “நீ பாத்துக்கோம்மா. உன் பேரும் சேர்ந்துதான் வரும்.” அவர் சொன்னது அவ்வளவுதான். அதை நான் கல்வெட்டு மாதிரி எடுத்துக்கொண்டேன்.

வேலையை நேசித்துச் செய்தேன். இதைச் சொல்ல எனக்கு இன்றும் வெட்கமில்லை. கல்லூரி நூலகத்தின் பின்கட்டில் பழைய சட்டமன்ற நடவடிக்கைத் தொகுதிகள் இருந்தன. பக்கத்தைப் புரட்டினால் விரல் நுனி சிவந்து அரிக்கும். முன்பதிவு இல்லாத பெட்டியில் ஏறி சென்னைக்குப் போய் ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் தேர்தலில் ஜெயித்து வந்த அமைச்சர்களுக்குப் பள்ளிக்கூடம் கொடுத்தார்கள், ஆஸ்பத்திரி கொடுத்தார்கள். கஜானாவை மட்டும் கவர்னரின் நிர்வாகச் சபை உறுப்பினர் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட வேண்டுமென்றால் அமைச்சரே போய் அவர் அறை வாசலில் நிற்க வேண்டும். பின்னால் நம் ஆட்களிடம் அந்த அறை வந்தது. சில காலம் முதலமைச்சரே நிதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டார், சில காலம் தனி அமைச்சர் இருந்தார். இப்போது பட்ஜெட் அன்று உறுப்பினர்களின் மேசையில் தாள் கட்டு இல்லை, திரை இருக்கிறது. ஆனால் என்னை இழுத்தது அமைச்சரின் அறை இல்லை. அதற்கு முந்தைய அறை.

பட்ஜெட்டுக்கு முந்திய வாரங்களில் எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் மனுவோடு கோட்டைக்கு வருவார்கள். வணிகர் சங்கம், நெசவாளர், லாரிக்காரர்கள். பீடி வரி ஏறப் போகிறது என்று பேச்சு வந்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள். இவர்கள் எல்லாரும் காத்திருந்தது அந்த முன்னறையில். யாருக்கு பெஞ்சு, யாருக்குத் தரை, யாரை முதலில் உள்ளே விட்டார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்த முன்னறையில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருந்தார். நான் போனபோதெல்லாம் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருப்பார். விளம்பரம் வரும் நேரத்தில் மட்டும் பதில் சொல்வார்.

“புது மினிஸ்டர் வந்தா மொதல்ல என்ன மாறும் தெரியுமா?”

“ஃபைல் எல்லாம் கேட்பாங்களா சார்?”

“ஃபைலா? நாற்காலில கெடக்க துண்டு மாறும். பழைய துண்டுல உக்காந்தா அவருக்கு வந்தது நமக்கும் வரும்னு பயம்.” விளம்பரம் முடிந்துவிட்டது. அவர் திரும்பிக்கொண்டார்.

அதை வைத்து நான் ஒரு வாக்கியம் எழுதினேன்: ‘அமைச்சர் மாறினால் கொள்கை மாற ஓர் ஆண்டு ஆகும், நாற்காலித் துண்டு மறுநாளே மாறிவிடும்.’ எழுதிவிட்டு நானே சிரித்தேன். முன்னறை என்ற இயலில் முதல் வரியாக அதை வைத்தேன். மொத்தப் புத்தகத்தையும் முடித்துப் பேராசிரியர் சாருக்கு அனுப்பினேன். “பிரமாதம்மா” என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு அச்சகம், அட்டை எல்லாவற்றையும் அவரே பார்த்துக்கொண்டார்.

வெளியீட்டு விழா எங்கள் கல்லூரி அரங்கத்தில்தான். தெருவே கிளம்பியது. அம்மா, அப்பா, அத்தை, இன்னும் சுற்றியிருந்த வீட்டுப் பெண்கள் என்று ஒரு வேன் பிடித்தார்கள். அன்றைக்குச் சுற்ற வேண்டிய பீடியைச் சுற்றாமல் வந்தவர்கள் அவர்கள். செங்கல் சூளைக்கு லீவு சொன்ன அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் மடித்துக்கொண்டு வந்து கல்லூரி வாசலில் வைத்துத்தான் போட்டுக்கொண்டார். எனக்கு அம்மா அவளுடைய கல்யாணப் பட்டைக் கட்டிவிட்டிருந்தாள்.

நான் அவர்களை உட்கார வைத்துவிட்டு மேடைக்குப் பின்னால் போனேன். புத்தகக் கட்டைப் பிரித்திருந்தார்கள். அட்டையில் கோட்டையின் படம். அதன் கீழே சாரின் பெயர். அது மட்டும்தான் இருந்தது. உள்ளே போட்டிருப்பார்கள் என்று முதல் பக்கத்தைத் திருப்பினேன். அதற்கு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். முன்னுரையின் கடைசியில் ‘தரவுகள் திரட்ட உதவிய மாணவிகளுக்கு என் நன்றி’ என்று இருந்தது. மாணவிகள் என்று பன்மையில் போட்டிருந்தார். யார் அந்த மற்ற மாணவிகள் என்று ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன்.

“ஏம்மா, பட்டு கட்டியிருக்கியே, நல்லதாப் போச்சு” என்று சார் வந்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் தெரியவில்லை. விழா பரபரப்பு மட்டும்தான் இருந்தது. “தட்டு நீ பிடிச்சுக்கோ. மொதல்ல பொன்னாடை, அப்புறம் புத்தகம். கத்திரிக்கோலை மறந்துராத.”

எங்கள் பக்கத்தில் எந்த விழாவானாலும் பொன்னாடை, புத்தகம், நினைவுப் பரிசு எல்லாம் ஒரு பளபளக்கும் தட்டில்தான் மேடைக்கு வரும். அதைப் பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்தான் ஏந்தி வருவாள். பெரும்பாலும் முதலாமாண்டு மாணவி. நானும் முதலாமாண்டில் பிடித்திருக்கிறேன். இப்போது வேறு யாரையாவது கூப்பிடுங்கள் சார் என்று சொல்லியிருக்கலாம். அரங்கத்தில் அம்மா இருந்தாள். ஒரு வாக்குவாதம் வந்தால் அவள் அதைப் பார்ப்பாள். தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

நான் மேடையில் ஏறியதும் மூன்றாவது வரிசையிலிருந்து கைதட்டல் வந்தது. அந்த வரிசையிலிருந்து மட்டும்தான். எங்கள் தெருப் பெண்கள். யாரோ ஒருத்தி “நம்ம பிள்ளடி” என்று சொன்னது மேடை வரை கேட்டது. மற்ற வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று அவர்களுக்கு விளங்கவில்லை.

சிறப்பு விருந்தினர் நிதித்துறையில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். தட்டிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டி, புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். பிறகு பேசினார். முன்னறை இயலைத் திறந்து துண்டைப் பற்றிய என் வாக்கியத்தை மைக்கில் வாசித்தார். அரங்கம் சிரித்தது. “சாருக்கு இவ்வளவு குறும்பு இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்” என்றார். சார் கையெடுத்துக் கும்பிட்டார். அம்மாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது யாருடைய வாக்கியம் என்று தெரியாமல் சிரித்தாள். நான் காலித் தட்டோடு சாருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

விருந்தினர் அதோடு விடவில்லை. “ஒரு சந்தேகம் சார். முன்னறைல ரெண்டாவது பெஞ்சு போட்டாங்கன்னு எழுதியிருக்கீங்களே. நான் அங்க வேலை பாத்தவன், எனக்கே தெரியாது. யார் போடச் சொன்னது?”

சார் நாற்காலியில் லேசாகச் சாய்ந்தார். தலை என் பக்கம் சரிந்தது. எனக்குப் புரிந்தது. குனிந்து அவர் காதில் சொன்னேன்: மனு கொடுக்க வந்த பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே போனவர்களுக்கெல்லாம் அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது, வழி மறிக்கிறது என்றுதான் பெஞ்சு போட்டார்கள், அவர்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. சார் மைக்கில் அதை அப்படியே சொன்னார். ‘இரக்கப்பட்டு இல்லை’ என்பதையும் சொன்னார். அதற்கும் கைதட்டல் வந்தது.

சார் என்னிடம் கேட்காமலே இருந்திருந்தால் எனக்கு இத்தனை கூசியிருக்காது.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தை புத்தகம் ஒன்றைக் கையில் வைத்திருந்தாள். சாம்பார் கை படாமல் இடது கையால் பிடித்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

“ஒன் பேரு எங்கட்டி இருக்கு? தொட்டுக் காட்டு.”

என் விரல் எழவில்லை. அம்மாதான் பதில் சொன்னாள். “மந்திரிக்குப் பக்கத்துல அம்புட்டு நேரம் நின்னாளே மைனி. பேரு கெடக்கு பேரு. யாரு வீட்டுப் பிள்ள நின்னுச்சு அப்படி?”

“அவரு மந்திரி இல்லம்மா” என்றேன்.

“மந்திரி ஆபீசு ஆளுதான? சவத்த விடு.”

அத்தை என்னையே பார்த்தாள். குத்தலாக ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவள் புத்தகத்தைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு, “பாயசம் நல்லா இருக்கு, வாங்கிக்க” என்றாள். அது அதைவிட மோசமாக இருந்தது.

கல்லூரிப் புகைப்படக்காரரிடம் அம்மா ஒரு படம் போட்டுத் தரச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குத் தெரியாது. பத்திரிகையில் போடும் அளவு இல்லை, சுவரில் மாட்டும் அளவு. விருந்தினர் கத்திரிக்கோலோடு நிற்கிறார், சார் சிரிக்கிறார், நான் தட்டை ஏந்தி நிற்கிறேன். டிவிக்கு மேலே, சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டினாள். வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் அதைக் காட்டுவாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகினேன். இதைத்தான் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. சார் செய்ததற்காக வந்த வெட்கம் ஒரு பக்கம். அம்மாவின் சந்தோஷத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு வெட்கம் வந்தது. அவளைப் பார்த்து வந்த வெட்கம். இரண்டையும் பிரிக்க என்னால் முடியவில்லை.

சாரிடம் கேட்டேன். கேட்கவில்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர் அறையில் போய் நின்றுகொண்டே கேட்டேன்.

“என் பேரும் வரும்னு சொன்னீங்க சார்.”

“வந்திருக்கே. நன்றியில போட்டிருக்கேனே.”

“மாணவிகள்னு இருக்கு.”

அவர் வருத்தப்பட்ட மாதிரிதான் தெரிந்தது. “உக்காரும்மா. நீயே சொல்லு. பட்ஜெட் உரையை நிதியமைச்சர் வாசிக்கிறார். அவரா எழுதுறார்? துறையில இருக்கவங்க எழுதுறாங்க. அதுல அவங்க பேரு இருக்கா? அதைத் திருட்டுன்னு யாராவது சொல்றாங்களா? இதெல்லாம் நீயே ஆராய்ஞ்சு எழுதினதுதானே.”

உண்மைதான், நான் எழுதியதுதான். உரை எப்படித் துறையில் உருவாகி அமைச்சர் கைக்கு வருகிறது என்று முழுசாக ஓர் இயல் எழுதியிருந்தேன். என் எழுத்தையே எடுத்து என் வாயை அடைத்துவிட்டார். “சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பதில் தெரியாமல் சரி சொன்ன அந்த நேரத்தை நினைத்துப் பாளையங்கோட்டை பஸ் நிலையத்தில் நின்றபடி எனக்குக் காது எரிந்தது. அடுத்து, இரண்டாம் தொகுதிக்கு மாவட்டங்களிலிருந்து போன மனுக்களைத் திரட்ட ஆரம்பிக்கச் சொல்லியிருந்தார்.

இப்படியே போயிருக்கும். பீடிக் கடையில் ஒரு பேச்சு வந்தது.

சுற்றிய பீடியைச் சரிபார்த்து வாங்குகிற அண்ணாச்சியிடம் அம்மா போனில் இருந்த படத்தைக் காட்டியிருக்கிறாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார். “தட்டு பிடிக்கதுக்கா இத்தன வருசம் படிக்க வச்ச?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளின் கட்டைப் பிரித்திருக்கிறார். நின்ற பெண்கள் சிரித்திருக்கிறார்கள்.

அம்மா வீட்டுக்கு வந்து சுளகை மடியில் வைத்தாள். இலையை எடுத்தாள், தூளை வைத்தாள். சுற்றவில்லை.

“ஏட்டி, தட்டு பிடிச்சது கவுரவம் இல்லையா?”

பல நாள் எனக்குள் தயாராக இருந்த கோபம் எதுவும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று சொன்னது, மாணவிகள் என்று போட்டது, பட்ஜெட் உரை பற்றி அவர் கேட்ட கேள்வி. சுவருக்கு அந்தப் பக்கம் அத்தையின் கத்திரிச் சத்தம் நின்றிருந்தது.

“அந்தத் துண்டு விசயம்?”

“நான் எழுதுனது.”

“அடப்பாவி. அன்னைக்கு நான் சிரிச்சேனே. சொல்லியிருந்தா இன்னும் சத்தமாச் சிரிச்சிருப்பேன்லா?”

எனக்கு அழுகை வந்தது. அம்மா கண்டுகொள்ளாமல் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

“நீ குனிஞ்சு அவரு காதுல என்னமோ சொன்னியே. தண்ணி வேணுமான்னு கேக்கன்னுல்லா நெனச்சேன்.”

“கேள்விக்குப் பதில் சொன்னேன்.”

“அவரு கிட்ட கேட்டதுக்கு நீ சொன்னியா?”

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. “அப்ப எழுதுனதும் நீ, பதில் சொன்னதும் நீ. அந்த மனுசன் என்னதான் செஞ்சாரு? கும்பிடு போட்டாரு.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாரின் கேள்விக்கான பதிலும் நான் எழுதிய அதே இயலிலேயே இருந்தது. பட்ஜெட்டை அமைச்சர் எழுதுவதில்லை, சரி. ஆனால் அதை வாசித்த பிறகு நாள்கணக்கில் சபை அவரைக் கேள்வி கேட்கிறது. கத்துகிறார்கள், வெளிநடப்பு செய்கிறார்கள். கடைசியில் அவர்தான் எழுந்து பதிலுரை கொடுக்க வேண்டும். ஒரு வரி தப்பென்றால் ஏச்சு அவருக்கு, எழுதிய அலுவலருக்கு இல்லை. பதில் சொல்லும் பொறுப்பை ஏற்பதால்தான் அது அவர் உரை. எங்கள் மேடையில் ஒரே ஒரு கேள்வி வந்தது. அதற்கும் என் பக்கம் தலை சாய்ந்தது.

மறுநாள் இதைச் சாரிடம் சொன்னேன். அவர் “நான்தான் உன் கைடு, ஞாபகம் இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார். மிரட்டலாகவா வருத்தமாகவா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. அவர் கையெழுத்தில்லாமல் என் ஆய்வேடு நகராது. பதிவு செய்து ஓடிய வருடங்கள் எல்லாம் வீணாகலாம். வேறொருவர் என்னை ஏற்பார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஏற்றாலும் எதற்காக மாறினாள் என்று துறை முழுக்கப் பேசுவார்கள்.

படத்தைக் கழற்றிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “இருக்கட்டும்” என்றாள். “அன்னைக்கு ஒனக்கு நான் கட்டிவிட்ட சேலையாவது அதுல தெரியுது.” அது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கூசுகிறது. ஆனால் வருகிறவர்களிடம் அம்மா இப்போது அதைக் காட்டுவதில்லை. அவளிடமிருந்து அந்தச் சந்தோஷத்தை நான் பிடுங்கிவிட்டேனோ என்று ஒரு குறுகுறுப்பு.

அறக்கட்டளைக்கு என் கைப்பிரதிகளையும் சாருக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல்களையும் இணைத்து, அடுத்த பதிப்பில் என் பெயர் சேர வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டேன். வழிகாட்டியை மாற்றக் கேட்கும் விண்ணப்பத்தை நேற்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்தேன். காரணம் எழுதும் இடம் ஒரு வரிதான். அங்கிருந்த அம்மாள் பார்த்துவிட்டு, “சொந்தக் காரணம்னு போட்டுருங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாவ, பிரச்சினை இல்ல” என்றார். நான் பின்பக்கத்தைத் திருப்பி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். முழுப் பெயரையும் எழுதினேன். அவர் இரண்டு பக்கத்தையும் படித்தார், என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார், முத்திரையை மையில் அழுத்தினார்.